மெட்ரிக்குக்குப் பின் அயல்மொழி: ரங்கூன் பிள்ளைகளோடு என் அனுபவம்

ரங்கூனில் அயல்மொழி கற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. லேடான் சந்தியில் பேருந்தை விட்டு இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஜப்பானியம், கொரிய மொழி, சீனம், தாய்லாந்து மொழி என்று மாடிக்கு மாடி பலகை தொங்குகிறது. வேலைக்குப் போகுமுன் வருகிறவர்களுக்கு விடியற்காலை வகுப்பும், வேலை விட்டு வருகிறவர்களுக்கு இரவு வகுப்பும் நடக்கின்றன. பஞ்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளில், ஓர் அயல்மொழியை எடுத்துக்கொண்டு அதில் பிழையின்றி எழுதவும், ஓர் ஆவணத்தை மொழிபெயர்க்கவும், பிறருக்குக் கற்பிக்கவும் முடிகிற அளவுக்கு நிலைத்துப் படிப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட படிப்புக்கு நம் பிள்ளைகளை அழைத்து வரும் வேலையில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். மாண்டலேயிலும் மௌல்மேனிலும் இதே முயற்சியைத் தொடங்க நினைக்கும் சிலர் கேட்டுக்கொண்டதால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது பல்கலைக்கழகச் சாலையில் உள்ள யாங்கோன் (ரங்கூனின் இப்போதைய பெயர்) அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில். 1964இல் அயல்மொழிக் கழகமாகத் தொடங்கப்பட்டு, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட அந்த இடத்தில் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரிய மொழி, ருஷ்யம், தாய்லாந்து மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உண்டு. மாண்டலேயிலும் இதே வகைப் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. நான் ஜப்பானியம் எடுத்தேன், பிறகு தன்லினுக்கு அப்பால் திலாவா தொழில் மண்டலத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன், இப்போது கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தொலைநிலைக் கல்வியில் இயற்பியலோ பொருளியலோ படித்துக்கொண்டு பகலில் கடையில் நிற்பவர்கள். மற்றவர்கள் நாள்தோறும் வகுப்புக்குப் போகும் மாணவர்கள். எல்லாரும் என்னைச் 'சயாமா' என்றே அழைக்கிறார்கள். பேசுவது தமிழாக இருந்தாலும் ஆசிரியையை அழைக்கும் சொல் இங்கே பர்மியமாகத்தான் வாயில் வருகிறது.

தொடக்கத்தில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். சுவரில் படம் காட்டினோம். தோக்கியோவின் ரயில் நிலையம், சியோலின் இரவு விளக்கு, பெர்லினின் நூலகம் என்று வரிசையாக வந்தன. எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம் என்று ஓர் அட்டவணையும் இருந்தது. மண்டபம் நிறைந்தது. அடுத்த மாதமே பாதியாகக் குறைந்தது. அதற்கான காரணத்தை எனக்குத் தெளிவாகக் காட்டியது 2024ஆம் ஆண்டு. 2020இல் தொற்றுக்காக மூடப்பட்ட பல்கலைக்கழகங்கள் இராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதும், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஏராளம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. அவர்களில் பலருக்கு ஜப்பான் ஒன்றே வழியாகத் தெரிந்தது. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த தனித்திறன் தொழிலாளர் விசாவுக்கு ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கீழிருந்து இரண்டாம் நிலையான என்4இல் தேர்ச்சியோ அதற்கு ஈடான அடிப்படைத் தேர்வோ பெரும்பாலான தொழில்களுக்கு மொழி அளவில் போதும் என்பதால், அந்த நிலையோடு நின்றுவிடும் வகுப்புகள் ஊரெங்கும் முளைத்தன. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மே மாதத்தில் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பது நிறுத்தப்பட்டது. நாட்டைக் காட்டி அழைக்கப்பட்ட பையன்கள் அந்த மாதமே புத்தகத்தை மூடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கதவு மூடினால் அந்தக் கதவுக்காக மட்டும் வந்தவன் திரும்பிப் போகத்தான் செய்வான். ஆனால் வேறு காரணத்துக்காக மொழிக்குள் வந்திருந்த சிலர் எங்கும் போகவில்லை. விசா விதி எந்த நாளும் மாறக்கூடியது என்பதால், பிள்ளையை மொழிக்குள் நிறுத்தும் காரணம் இந்த ஊருக்குள்ளேயே, முதல் சில மாதங்களுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தோம். கூட்டத்தை நடத்தும் முறையையும் அதற்கேற்ப மாற்றினோம்.

முதல் மாற்றம், படம் காட்டுவதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நேற்று காலையிலிருந்து இரவு வரை யார் யாரிடம் எந்தெந்த மொழியில் பேசினீர்கள், எதைப் படித்தீர்கள், எதைக் கேட்டீர்கள் என்று எழுதச் சொல்கிறோம். நம் பிள்ளைகளிடம் "உனக்கு எத்தனை மொழி தெரியும்?" என்று நேராகக் கேட்டால் "பர்மியம், கொஞ்சம் ஆங்கிலம்" என்றுதான் பதில் வரும். தமிழையே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எழுதத் தெரியாத மொழியைத் தெரிந்த மொழி என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். தாளில் எழுதும்போது கதை மாறுகிறது. பயின்னவுங் மொத்தச் சந்தையில் அப்பாவின் பருப்புத் தரகுக் கடையில் நிற்கும் ஒரு பையன் எழுதியது என் நினைவில் நன்றாக இருக்கிறது. காலையில் ஆயாவிடம் தமிழ். கடையில் மூட்டை இறக்குபவர்களிடம் பர்மியம். உளுந்தும் துவரையும் வாங்கும் மும்பைத் தரப்பினரோடு தொலைபேசியில் இந்தி. ஏற்றுமதித் தாள்களில் ஆங்கிலம். பக்கத்துக் கடைச் சீனரிடம் விலை பேசச் சில எண்கள். இரவில் தங்கையோடு உட்கார்ந்து பார்த்த கொரியத் தொடர். எழுதி முடித்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சயாமா, இந்தியை எனக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையே" என்றான். அதைத்தான் அவன் வாயிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு மொழியைக் காதால் கேட்டு, தவறாகப் பேசி, திருத்திக்கொண்டு, வேலைக்கு ஆகும்படி கற்றுக்கொள்ளும் வழி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அயல்மொழித் துறையில் நான்கு ஆண்டு செய்யப்போவதும் அதையே, இன்னும் ஒழுங்கோடு.

பிள்ளைகள் தங்கள் மொழிகளை இப்படிக் குறைத்துச் சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். சந்தை மொழியாக இந்துஸ்தானி ஓடிய காலம் அது. 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாக்கப்பட்டு, இலட்சக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் தனியார் பள்ளிகளும் அரசின் கைக்குப் போனபின், தமிழ் கோயில் மண்டபத்து மாலை வகுப்பாகச் சுருங்கியது. தங்கிவிட்ட குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி, வெளியில் சுத்தமான பர்மியம் பேசு, மற்ற பேச்சை வீட்டோடு வைத்துக்கொள் என்பதுதான். அந்தப் புத்திமதி அன்றைக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதில் வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கு, பல மொழி தெரிவதைப் பெருமையோடு சொல்லலாம் என்பதே புதிய செய்தி.

இரண்டாவதாக நாங்கள் செய்வது கரும்பலகையில் இலக்கணம் காட்டுவது. இலக்கணம் என்றால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று சிலர் என்னை எச்சரித்தார்கள். என் அனுபவம் நேர்மாறானது. கூட்டத்தில் அதிகக் கைகள் உயர்வது இந்தப் பகுதியில்தான். "வத்தாஷி வா தோமோதாச்சி நி தெகாமி ஓ காக்கிமஸ்" என்ற ஜப்பானிய வாக்கியத்தை எழுதி, அதன் கீழே "நான் நண்பனுக்குக் கடிதத்தை எழுதுகிறேன்" என்று எழுதுவேன். 'நி' வந்த இடத்தில் நம் 'கு' நிற்கிறது. 'ஓ' வந்த இடத்தில் நம் 'ஐ' நிற்கிறது. வினை கடைசியில் வருகிறது. மூன்றாவது வரியாகப் பர்மிய வாக்கியத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்வேன். அதிலும் வினை கடைசியில்தான். நான்காவது வரியாக ஆங்கிலத்தை எழுதும்போது மட்டும் சொற்கள் இடம் மாறிப் போகின்றன. பள்ளியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டித் தோற்று, தனக்கு மொழியே வராது என்று முடிவுகட்டியிருந்த பெண் ஒருத்தி, "அப்படியானால் இது ஆங்கிலத்தைவிட எளிதா?" என்று கேட்டாள். வாக்கிய அமைப்பு எளிது, எழுத்து கடினம் என்று உள்ளபடியே பதில் சொன்னேன்.

வாக்கிய வரிசை மட்டும் அல்ல. சாப்பிட்டுப் பார், போட்டுப் பார், கேட்டுப் பார் என்று நாம் முயற்சியைச் சொல்லும்போது 'பார்' என்பதைத் துணைவினையாகச் சேர்க்கிறோம். ஜப்பானியத்தில் 'தாபெத்தே மிரு' என்பதும் கொரிய மொழியில் 'மொகொ போதா' என்பதும் இதே கட்டுமானம். பர்மியரும் உண்ணும் வினைக்குப் பின்னால் பார்க்கும் வினையை வைத்தே இதைச் சொல்கிறார்கள். வினையெச்சத்தின் மேல் துணைவினையை ஏற்றும் பழக்கம் கையில் இருக்கும் பிள்ளைக்கு, ஜப்பானிய இலக்கணத்தின் பெரும் பகுதி அறிமுகமான வீடாகவே தெரியும். தமிழில் உள்ள ஒரு பழக்கத்தை இங்கே விட்டுவிடவும் வேண்டும்: வினைமுற்றில் எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறாள் என்று ஆளுக்கேற்ற விகுதி ஜப்பானியத்தில் கிடையாது. பர்மியத்திலும் கிடையாது என்பதால் இந்த விடுதலுக்கும் நம் பிள்ளைகள் பழகியவர்களே.

தமிழ் கைகொடுக்காத இடத்தில் பர்மியம் கைகொடுக்கிறது. சீனத்தில் நான்கு தொனி, தாய்லாந்து மொழியில் ஐந்து தொனி. தமிழ் மட்டும் தெரிந்தவர் இதில் திணறுவார். பர்மியமும் தொனி மொழி என்பதால் ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் பொருள் பிரிக்க நம் பிள்ளைகளின் காது சிறுவயதிலேயே பழகிவிட்டது. மூச்சு விட்டு ஒலிக்கும் எழுத்தையும் மூச்சு விடாமல் ஒலிக்கும் எழுத்தையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. பர்மிய எழுத்து காட்டும். சீனத்தில் அந்த வேறுபாடு இல்லாமல் ஒரு வரிகூடப் பேச முடியாது. எண்ணும்போது ஆளுக்கு ஒரு சொல், விலங்குக்கு ஒரு சொல், தட்டையான பொருளுக்கு ஒரு சொல் என்று அளவைச் சொல் சேர்க்கும் முறையும் பர்மியம், சீனம், ஜப்பானியம், கொரிய மொழி, தாய்லாந்து மொழி எல்லாவற்றிலும் உண்டு. வேற்றுமை உருபைத் தமிழிலிருந்தும், தொனியையும் அளவைச் சொல்லையும் பர்மியத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு வகுப்பில் உட்காரும் பிள்ளை, ஆசியாவின் எந்தப் பெரிய மொழியை எடுத்தாலும் பாதி வழியில்தான் தொடங்குகிறது.

ஐரோப்பிய மொழிக்கு இது பொருந்தாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் துறையில் படிக்கும் மாணவி ஒருத்தி வந்து பேசியபின் அந்த எண்ணம் மாறியது. ஜெர்மனில் வேற்றுமை நான்கு. உதவுதல் என்ற வினைக்கு ஆங்கிலத்தில் செயப்படுபொருள் நேராக வரும். ஜெர்மனில் நம் நான்காம் வேற்றுமைக்கு ஈடான உருபு வரும், நாம் 'அவனுக்கு உதவு' என்பதைப்போல. எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்பவற்றையும் அவர்கள் நம்மைப்போல 'எனக்கு' என்றே தொடங்கலாம். துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகிறது. மாலை வகுப்பில் வேற்றுமையை மனப்பாடம் செய்யவைத்த பழைய தமிழ் வாத்தியாரைத் தான் ஜெர்மன் வகுப்பில் நன்றியோடு நினைத்துக்கொண்டதாக அவள் சொன்னபோது, மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த அந்த வாத்தியாருக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி முடியாது. பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால் என்பது மட்டும் யாருக்கும் எளிதில்லை. மேசை ஏன் ஆண்பால் என்று கேட்டுப் பயனும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலறிஞர் எழுதியதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள், "ஜப்பானியமே தமிழிலிருந்து வந்ததுதான்" என்று கூட்டத்தில் எழுந்து பேசுவதுண்டு. அவருடைய கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, ஒரே தாய் வயிற்றில் பிறந்திருப்பது வேறு. பிள்ளைக்கு உற்சாகம் ஊட்டுவதற்காக நிறுவப்படாத ஒன்றைச் சொன்னால், பல்கலைக்கழக வகுப்பில் அதைச் சொல்லி அந்தப் பிள்ளை வெட்கப்பட நேரும். கடினமானவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கென்று வரையறுத்த சீன எழுத்துகள் 2,136. அவற்றை நாளுக்குச் சிலவாக எழுதி எழுதித்தான் கைக்குள் கொண்டுவர வேண்டும். எந்த மொழியும் தெரிந்திருப்பது அதில் குறுக்குவழி ஆகாது. கொரிய மொழியின் 24 அடிப்படை எழுத்துகளையோ ஒரு வாரத்தில் படித்துவிடலாம், ஆனால் மரியாதைக்கேற்ப வினை மாறும் முறை ஆண்டுக்கணக்கில் படுத்தும்.

பிள்ளை இசைந்தபின் வீடு இசைய வேண்டும், நேரம் அதிகம் செலவாவதும் இங்கேதான். நம் வீடுகளில் மெட்ரிக் முடித்த பிள்ளைக்கு முதலில் கேட்கும் படிப்பு எல்சிசிஐ (இலண்டன் வணிகச் சபையின் சான்றிதழ்) கணக்கியல். அது கடைக்கும் உதவும், வேலைக்கும் உதவும், பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சிலும் சொல்லிக்கொள்ளலாம். தின்கான்ஜுன் பக்கம் ஒரு வீட்டில் அம்மா என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, "டீச்சர், இவளை ஜப்பானுக்கு அனுப்பவா இந்தப் படிப்பு?" என்று கேட்டார். நான், "அக்கா, இவள் ஜப்பானுக்குப் போனாலும் போகாவிட்டாலும் படிப்பு கையில் நிற்கும்" என்று சொல்லி, திலாவாவில் நான் பார்த்த வேலையை விவரித்தேன். காலையில் தொழிற்சாலைக் கூட்டத்தில் ஜப்பானிய மேலாளர் பேசுவதைப் பர்மியத் தொழிலாளருக்குச் சொல்வது, பிற்பகலில் இயந்திரப் பாதுகாப்புக் குறிப்பை எழுத்தில் மொழிபெயர்ப்பது, மாலையில் சம்பளப் பட்டியலில் ஒரு குழப்பத்தை இரண்டு தரப்புக்கும் விளக்குவது. அந்தக் கடைசி வேலையில் கணக்கியல் தெரிந்திருந்தால் எவ்வளவு உதவும் என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. கணக்கியலா மொழியா என்ற வழக்கையே வீட்டில் எழுப்பக் கூடாது. கணக்கியலோடு ஜப்பானியம், செவிலியர் படிப்போடு ஜெர்மன், கணினியோடு கொரிய மொழி என்று இணைத்துப் பேசினால் குடும்பத்துக்கு விளங்குகிறது. உண்மையும் அதுதான். லைங்தாயாவின் ஆடைத் தொழிற்சாலைகளில் சீனம் தெரிந்தவர்களை வைத்திருக்கிறார்கள். தையல் வேலையின் சொற்களும் சேர்த்துத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பே வேறு.

பேசுவதற்கு அழைக்கும் ஆளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாடு போய்ச் செழித்தவர் விடுமுறைக்கு வந்து பேசினால் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டே வார இறுதியில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் பெண்ணோ, சென்ற டிசம்பர்த் தேர்வில் தவறி மறுபடியும் படிக்கும் பையனோ வந்து தங்கள் குறிப்பேட்டைக் காட்டினால், கூட்டம் முடிந்தபின்னும் பிள்ளைகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு நிற்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்களை நாங்கள் மண்டபத்துக்குள் விடுவதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு கடவுச்சீட்டையும் பிடித்துவைத்த ஒருவரால் தெரிந்த குடும்பம் ஒன்று பட்ட பாடு போதும். உரிமத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே, எந்தக் காரணத்துக்கும் கடவுச்சீட்டை விட்டுவிட்டு வராதே என்பதை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவிடுகிறோம்.

எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் பலருக்குச் சப்பென்று இருக்கும். பேருந்தில் போய்வரும் தூரத்தில் நல்ல ஆசிரியரும், அந்த மொழியைப் பேசும் சிலரும், படிக்கப் புத்தகமும் எந்த மொழிக்குக் கிடைக்கிறதோ அதையே எடு என்பேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்று கேட்டு ஆசைப்படும் பிள்ளையிடம், மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓரளவு மட்டுமே எடுக்க விடும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய கியாட் மதிப்பில் அது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத தொகை. செவிலியர் படித்த பிள்ளைக்கு நிலைமை வேறு. ஜெர்மனில் பி2 என்னும் மேல்நிலை வரை படிக்கும் பொறுமை இருந்தால் வேலை வழியாகப் போகும் பாதை திறந்திருக்கிறது. கொரியத் தொடரில் மயங்கி வரும் பெண்களைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆசையோடு காது கொடுக்கும் மாணவி எந்த ஆசிரியருக்கும் வரம்தான். அந்த ஆசையைப் பாடப் பக்கம் திருப்ப, தொடரின் ஒரு காட்சியை திரையின் அடியில் ஓடும் வசன வரிகள் இல்லாமல் கேட்டு உரையாடலை எழுதிவரச் சொல்வேன். அடுத்த வாரம் வரும்போது இலக்கணக் கேள்வியோடு வருகிறார்கள்.

சேர்ந்த பிள்ளையை நிலைக்கச் செய்வதில் இந்த ஊருக்கே உரிய தொல்லை மின்வெட்டு. இணைய வகுப்பை நம்பினால் பாதி நாள் திரை கறுத்துக் கிடக்கும். ஆகவே ஒலிப்பாடங்களை மின்சாரம் இருக்கும்போது கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது, பாடத்தை அச்சுத் தாளில் வைத்திருப்பது, பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மூவர் மூவராகச் சேர்த்து வாரத்தில் இரண்டு மாலை நேரில் உட்காரவைப்பது என்று ஏற்பாடு செய்தோம். மூவர் குழு இருக்கிற இடத்தில் படிப்பை விடுவது குறைவு. ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் வீட்டுக்கே போய்விடுகிறார்கள். பன்சோடான் தெருவிலும் 37ஆம் தெருவிலும் பழைய புத்தகக் கடைகளில் அகராதிகளும் பயிற்சி நூல்களும் மலிவாகக் கிடைக்கின்றன. பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2010இல் ஐந்து நிலைகளாக மாற்றப்பட்டது, அதற்கு முந்தைய நூல்களின் நிலை எண் இப்போதையதோடு பொருந்தாது.

தளர்ச்சி வரும் இடமும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என்5, என்4 இரண்டையும் ஜூலையிலும் டிசம்பரிலும் அடுத்தடுத்துத் தாண்டிய பிள்ளை, என்3இல் வந்து நின்றுவிடுகிறது. அதுவரை பாடநூல் வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் போதும். அதன்பின் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் வேலைக்கான சான்றிதழ் கிடைத்துவிட்டதென்று விலகுவதும் இங்கேதான். இந்த மாதங்களில் தேர்வுப் பயிற்சியைக் குறைத்துவிட்டு ஓர் உண்மையான வேலையைக் கையில் கொடுக்கிறோம். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பு, உணவகத்தின் விலைப்பட்டியல், ஜப்பானிலிருந்து வந்த பழைய காருடன் இருக்கும் கையேட்டின் நான்கு பக்கம் என்று எதையாவது பர்மியத்திலும் தமிழிலும் பெயர்த்துவரச் சொல்கிறோம். அந்தக் கார்க் கையேட்டை மொழிபெயர்த்த பையன் தன் மாமாவின் பட்டறைக்கு அதை எடுத்துப்போனான். இப்போது தெருவில் உள்ள மற்ற பட்டறைக்காரர்களும் அவனைத் தேடி வருகிறார்கள். அவன் தேர்வைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆனால் படிப்பதை நிறுத்தவும் இல்லை.

தமிழிலும் பெயர்க்கச் சொல்வதைச் சிலர் வீண் சுமை என்கிறார்கள். தமிழ் எழுத்தை மறுபடி கற்று ஓரளவு சரளமாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள், அயல்மொழியில் நீண்ட வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காண்பதிலும் முந்துகிறார்கள் என்பது என் கணிப்பு. இதற்கு ஆய்வு ஏதும் என் கையில் இல்லை. வகுப்பில் கண்டதைத்தான் சொல்கிறேன். மாலை வகுப்புக்குப் போகாமல் வளர்ந்தவர்களுக்கு அதே மண்டபத்தில் தமிழ் எழுத்தும் சொல்லித்தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மௌல்மேன் நண்பர்களுக்கு ஒரு சொல். ரங்கூன் மாதிரியை அங்கே அப்படியே எடுத்துப் போக வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து தாய்லாந்தை ஒட்டிய மியாவாடி எல்லை கிட்டத்தில் இருக்கிறது. உறவினர் பலர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். தாய்லாந்து மொழிதான் உங்கள் பிள்ளைகளின் காதுக்கு ஏற்கெனவே எட்டியது, அதில் தொடங்குங்கள். சிலருக்கு மோன் மொழியும் தெரிந்திருக்கும், அதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் ஆசிரியரைப் பிடித்துவிடுங்கள். ஆர்வத்தோடு பெயர் கொடுத்த பிள்ளைகளை ஆசிரியருக்காகக் காக்கவைத்தால் இரண்டாம் முறை வரமாட்டார்கள். மூவர் குழுவுக்கான வினாத்தாள்களும் ஒலிப்பாடங்களும் ஒரு பென்டிரைவில் தயாராக இருக்கின்றன. மௌல்மேன் பேருந்தில் வரும் யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.